தும்பைவலசின் நீண்ட ஆண்கள்

தும்பைவலசில் திருமூர்த்தியின் கொட்டகையில் இருந்த நாலாயிரம் கோழிக்குஞ்சுகள் வளராமல் நின்றுபோன அந்த ஐப்பசி மாதத்தில், அவற்றின் உடம்பில் ஏறியிருக்க வேண்டிய வளர்த்தி அத்தனையும் நேராக வந்து திருமூர்த்தியின் உடம்பில் ஏறியது. நாளொன்றுக்குக் கட்டைவிரல் அகலம் அவன் உயர்ந்தான். கணுக்கால் வரை கட்டிய வேட்டி மாதம் முடிவதற்குள் முழங்காலுக்கு ஏறிவிட்டது, தலை இடிக்காத நிலைப்படி இடிக்கத் தொடங்கியது, பல் துலக்கிவிட்டு முகம் பார்க்கிற கண்ணாடியில் முதலில் நெற்றி காணாமல் போய், அப்புறம் கண் போய், அப்புறம் மீசையும் போய், கடைசியில் கழுத்தில் கிடந்த வெள்ளிச் சங்கிலி மட்டும் மிஞ்சியது. இதைக் கண்டு ஊரில் யாரும் வாய் பிளக்கவில்லை. என்ன மருந்து, எத்தனை சொட்டு, யாரிடம் கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்கள். குஞ்சுகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவள் அவன் மனைவி கலாமணி ஒருத்திதான்.

கலாமணி கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் ஒரு தீவன மில்லில் தாது உப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். சுண்ணாம்புச் சத்து ரெண்டு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஒரு பங்கு, துத்தநாகம் சிட்டிகை, மாங்கனீசு அதிலும் சிட்டிகை என்று எடைபோட்டு எடைபோட்டு, கடைசியில் தராசு இல்லாமலே கையளவில் கலக்குகிற அளவுக்கு வந்திருந்தாள். தும்பைவலசுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அரைத்துக் கிளிஞ்சல் தூளும் தாது உப்பும் கலந்து குஞ்சுகளுக்குத் தீவனம் போட்டவள் அவள்தான். அவள் வளர்த்த கோழிகள் ஊரிலேயே பெரியவை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுகூடக் கால் மடங்கி விழுந்ததில்லை.

திருமூர்த்திக்கு அது போதவில்லை. அவன் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது மாப்பிள்ளை கண்ணும் பெண்ணின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்ததைச் சொல்லிப் பந்தலே சிரித்தது. கலாமணிக்கு அந்த மட்டம் பிடித்திருந்தது. நிமிராமல் குனியாமல் ஒரு முகத்தைப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அவள் நினைத்தாள். திருமூர்த்திக்கோ அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவே இல்லை. அதற்கு மேல் ஊராட்சித் தலைவர் குப்பண்ணன் ஒருவர் இருந்தார். மூன்று கொட்டகைக்காரர். டீக்கடையில் நின்று பேசும்போது திருமூர்த்தியின் தோள்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்வது அவருக்கு வழக்கம். கோபமாகவோ கேலியாகவோ செய்தால்கூடத் தேவலை. மேசைமேல் கை வைப்பதுபோல வைப்பார், பேச்சு முடிந்ததும் எடுத்துக்கொள்வார். அவருடைய கோழிகள் எப்போதும் ஐம்பது கிராம் அதிகம். கோழி ஏற்ற வருகிற லாரிக்காரர் டீக்கடைச் சுவரில் சாக்பீஸால் யார் கோழி என்ன எடை என்று எழுதிப் போடும்போது குப்பண்ணன் பெயர் மேலேயும் திருமூர்த்தியின் பெயர் கீழேயும் இருக்கும்.

இந்த இரண்டு புண்ணையும் மோப்பம் பிடித்து வந்தவன் நட்ராயன். ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து, எதற்காகவோ வெளியே அனுப்பப்பட்டு, அப்போதும் அந்தக் கம்பெனிப் பையை மட்டும் விடாமல் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகை கொட்டகையாகச் சுற்றுகிறவன். அன்று பையிலிருந்து லேபிள் உரித்த குப்பி ஒன்றை எடுத்துத் தீவன மூட்டைமேல் வைத்தான்.

"இது என்னுங்க மருந்து?" என்று கலாமணி கேட்டாள்.

"ஸ்டீராய்டு, அம்மிணி" என்றான் நட்ராயன், சாமி பெயரைச் சொல்கிற குரலில். "பயில்வானுங்கெல்லாம் இதத்தான் போட்டுக்கறாங்க. குஞ்சுக்குத் தண்ணியில கலந்து குடுத்தீங்கன்னா பதினஞ்சே நாள்ல தொடை இப்புடி வந்துரும்."

"பயில்வான் போட்டுக்கறது வேற ஸ்டீராய்டுங்க. இந்தக் குப்பிய மில்லுல பாத்திருக்கறனுங்க, இது வீக்கத்துக்கும் மூச்சிரைப்புக்கும் குடுக்கற வகை. இதக் குஞ்சுக்குக் குடுத்தா வளர்த்தி நின்னு போயிரும். வயித்துல கொழுப்புக் கட்டும், எலும்பு சோடை போயிரும். மில்லுல சொல்லியிருக்கறாங்க."

"மில்லுல அம்மிணி டாக்டரா இருந்தீங்களா?"

"தாது உப்பு எடை போட்டுட்டு இருந்தனுங்க."

நட்ராயன் திருமூர்த்தியைப் பார்த்துச் சிரித்தான். திருமூர்த்தியும் சிரித்தான். ஒரு பெண் பேசி முடித்ததும் இரண்டு ஆண்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்போடு விஷயம் தீர்ந்துவிட்டது.

"அந்தச் சுண்ணாம்புத் தூளையும் நிறுத்திருங்க" என்றான் நட்ராயன் போகும்போது. "குஞ்சு வயிறு விரல் அகலம். அதுக்குள்ள கல்லையும் சாம்பலையும் ரொப்புனா தீவனத்துக்கு எடம் எங்க இருக்கும்?"

அன்றே திருமூர்த்தி தாது உப்பு மூட்டையைக் கொட்டகைக்கு வெளியே உருட்டிவிட்டுத் தண்ணீர் வைக்கிற டிரிங்கர் ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு விட்டான். எட்டாம் நாள் கலாமணி ஒரு குஞ்சைத் தராசில் வைத்தாள். நாற்பது கிராம். முட்டையை உடைத்துக்கொண்டு வந்த அன்று என்ன எடையோ அதே எடை, அதே மஞ்சள் மயிர், அதே கீச்சுக் குரல். ஆனால் தின்றன. அப்படித் தின்றன. ஒரு மூட்டை கொட்டினால் மூட்டை போயிற்று, இன்னொன்று கொட்டினால் இன்னொன்றும் போயிற்று, தின்றது எங்கே போகிறதென்று அவள் குஞ்சைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் வெயில் கடுமையாக அடித்தது. குஞ்சுகள் அலகைத் திறந்து இளைத்துக்கொண்டு தீவனத்தைத் தொடவில்லை. அன்று ஒருநாள்தான் திருமூர்த்தியும் வளரவில்லை.

"குஞ்சு திங்கறது உங்க ஒடம்புல ஏறுதுங்க" என்று அவள் சோறு போடும்போது சொன்னாள்.

அவன் மேலேயிருந்து தட்டை இன்னும் நீட்டினான். "அப்படின்னா நாளைக்கு ஒரு மூட்டை சேத்துக் கொட்டு" என்றான்.

பதினைந்தாம் நாள் அவன் டீக்கடைக்குப் போனான். குப்பண்ணன் பேசிக்கொண்டே வழக்கம்போல முழங்கையை நீட்டினார். அது தோளில் போய் உட்காராமல் திருமூர்த்தியின் விலாவில் இடித்தது. குப்பண்ணன் முழங்கையைப் பார்த்தார், விலாவைப் பார்த்தார், அப்புறம் அண்ணாந்து முகத்தைப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக நட்ராயன் வீட்டுக்கு நடந்தார்.

அதன்பிறகு தும்பைவலசில் நடந்ததெல்லாம் எங்கும் நடக்கக்கூடியதுதான். கொட்டகை வைத்திருந்த ஆண்கள் எல்லாரும் சொட்டு மருந்து வாங்கினார்கள். கொட்டகை இல்லாதவர்கள் கூடையில் பத்துக் குஞ்சு வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, பத்துக் குஞ்சுக்கு என்ன வருமோ அதை வளர்ந்தார்கள், நகக்கண் அளவு வளர்ந்தாலும் அதைச் சொல்லிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். டீக்கடைக்காரன் கூரையைப் பிரித்து உயர்த்திக் கட்டினான், அடுத்த வாரமே மறுபடியும் பிரித்தான், மூன்றாம் முறை கூரையே வேண்டாமென்று வானத்தை விட்டுவிட்டான். தையல்காரர் வேட்டியோடு வேட்டியை ஒட்டித் தைத்தார். முடிதிருத்துகிறவர் ஏணி வாங்கினார். பஸ்காரன் இவர்களைப் படுக்கவைத்துத்தான் ஏற்றுவேன் என்றதால் பஸ்ஸே ஊருக்குள் வரக்கூடாதென்று தீர்மானம் போட்டார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் குனிய வேண்டியிருப்பது ஆண்களுக்கு அவமானம் என்று ஒரு கூட்டம் நடந்தது. வாசலை உயர்த்துவதா, அம்மனை வெளியே எடுத்து வைப்பதா என்று மூன்று நாள் பேசிவிட்டு, கும்பிடப் போகாமல் இருப்பதே மரியாதை என்று முடிவு செய்தார்கள்.

வளர வளர அவர்களுடைய பேச்சும் மேலே போய்விட்டது. ஓட்டுக் கூரைகளுக்கு மேலாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், கீழே நிற்கிற பெண்களுக்கு ஒரு முழக்கம் மட்டும் கேட்டது. கீழேயிருந்து யாராவது அடுப்பு எரியவில்லை என்றோ ஆடு ஈன்றுவிட்டது என்றோ கத்தினால் அது அவர்கள் காதுவரை போகவில்லை, போனாலும் அவர்கள் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிராம சபையில் ஆறடிக்குக் கீழே இருக்கிறவர்கள் கை தூக்கினால் தெரிவதில்லை, ஆகவே தூக்க வேண்டியதில்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. குப்பண்ணனுக்கு மூன்று கொட்டகை. பன்னிரண்டாயிரம் குஞ்சு தின்பது அவர் ஒருவர் உடம்பில் ஏறியது. தை பிறப்பதற்குள் அவர் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் முழங்கையை ஊன்றி நிற்கிற உயரத்துக்கு வந்துவிட்டார். அதைப் பார்த்த அன்று திருமூர்த்தி இரண்டு மூட்டை சேர்த்துக் கொட்டச் சொன்னான்.

கலாமணிக்கு அவன் முகம் தெரிந்து நாளாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் தாடையின் அடிப்பக்கமும் இரண்டு மூக்குத் துளைகளும் தெரிந்தன. பதினாலு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனை மூக்குத் துளையை வைத்து அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே என்று அவளுக்கு ஒருநாள் அழுகை வந்தது. அடுத்த நாள் கோபம் வந்தது. அதற்கடுத்த நாள் முதல் வேலை அதிகமாக இருந்ததால் இரண்டும் வரவில்லை. ஊரில் தண்ணீர் இறைப்பதும் தீவனம் அரைப்பதும் குஞ்சுகளுக்கு அடியில் ஈரம் தட்டாமல் தேங்காய்நார் மாற்றுவதும் எல்லாம் பெண்கள் கையில்தான் இருந்தன. கீழே இருக்கிற வேலைகளுக்கு மேலே இருக்கிறவர்களால் குனிய முடியவில்லை.

நாற்பதாம் நாள் லாரி வந்தபோது, லாரிக்காரர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்னுங்க இது, நேத்து எறக்குன குஞ்சுங்களா?"

"நாப்பது நாள் ஆச்சுங்க" என்றாள் கலாமணி.

"அப்பறம் ஏன் இப்புடி இருக்குது?"

மேலேயிருந்து திருமூர்த்தியின் குரல் வந்தது. "கோழி எவன் வேணாலும் வளப்பான். நாங்க வளந்திருக்கறோம், பாருங்க."

லாரிக்காரர் அண்ணாந்து பார்த்தார். அவர் பல ஊர் போய்வந்தவர். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த வாரம் செத்துப்போன ஒரு குஞ்சைக் கலாமணி அறுத்துப் பார்த்தாள். கால் எலும்பை விரலில் பிடித்து வளைத்தாள். அது ஒடியவில்லை. நனைந்த துடைப்பக் குச்சிபோல வளைந்து, வளைந்தபடியே நின்றது. அவள் அதை ஒரு தட்டில் வைத்துக் கணவன் கண்ணுக்கு எட்டும்படி கொட்டகைக் கூரைமேல் ஏறிக் காட்டினாள். "வளர்த்தி மட்டும் இல்லீங்க, இந்த எலும்பும் உங்களுக்குத்தான் வரும். தாது உப்பு இல்லாம எது நீண்டாலும் நிக்காது." திருமூர்த்தி தட்டைப் பார்த்தான். "கூரைமேல ஏறி நின்னாத்தான் எம்முகம் தெரியுதா உனக்கு?" என்று கேட்டான். அவனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

முதலில் வளர்ந்தவன் முதலில் வளைந்தான். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது திருமூர்த்தியின் கெண்டைக்கால், வெயிலில் இளகிய பிளாஸ்டிக் குழாய்போல மெல்ல முன்பக்கம் வில்லாக வளைந்தது. அவன் சட்டென்று வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டான். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, சாய்ந்து நிற்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்றான். அது பரவியது. பத்தே நாளில் தும்பைவலசில் மருந்து வாங்கிய ஆண்களில் நேராக நிற்கிறவர் ஒருவர்கூட இல்லை. மின்கம்பத்தில் ஒருவர், பனைமரத்தில் ஒருவர், ஒருவர்மேல் ஒருவராக நான்கு பேர், தண்ணீர்த் தொட்டிமேல் குப்பண்ணன் என்று ஊரே சாய்ந்து கிடந்தது. நேராக நிற்பது கூலிக்காரர்களுக்குரியது என்று குப்பண்ணன் தொட்டியில் சாய்ந்தபடி ஒரு பேச்சுப் பேசினார், கை தட்டினார்கள். கை தட்டியதில் இரண்டு பேருக்கு மணிக்கட்டு மடங்கிக்கொண்டது.

கலாமணி அந்தக் கூட்டத்தில் முன்னால் போய் நின்று முடிந்தவரை உரக்கச் சொன்னாள். "தலைவருங்க, மருந்தை நிறுத்தோணும். குஞ்சுக்குக் கிளிஞ்சல் தூளும் தாது உப்பும் போடோணும். அதுங்க திங்கறதுதான் உங்க ஒடம்புக்கு வருது. அதுங்களுக்கு எலும்பு வந்தா உங்களுக்கும் வரும்."

"வளர்த்தி?" என்று மேலேயிருந்து கேட்டார் குப்பண்ணன்.

"அது குஞ்சுக்குப் போயிருமுங்க. அதுங்களோடதுதான."

கூட்டம் முழக்கமிட்டது. நட்ராயன் எழுந்து, தாது உப்பில் இருக்கிற கனம் மனிதனைத் தரையை நோக்கி இழுக்கும் என்று விளக்கினான். அவனுக்கு மட்டும் கால் நேராக இருந்தது, அவன் தன் மருந்தை எந்தக் குஞ்சுக்கும் கொடுத்ததில்லை. ஊரில் இருக்கிற தாது உப்பு மூட்டை அத்தனையும் கல்குழியில் கொட்ட வேண்டும், கணவனைக் குறுக்கப் பார்க்கிற பெண்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று தீர்மானமாயிற்று. அத்தனை மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டியது பெண்கள்தான். தூக்க வேறு யாராலும் முடியவில்லை.

மாசி பிறந்தபோது சாய்ந்தவர்கள் படுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் படுக்க இடம் போதாமல் தெருவில் வரிசையாகப் படுத்தார்கள். தலை விநாயகர் கோயில் பக்கம், கால் பள்ளிக்கூடத்துப் பக்கம். குப்பண்ணன் மட்டும் ஊருக்கு வெளியே, தார்ச்சாலை ஓரமாக, மைல்கல் தாண்டிக் கிடந்தார். அப்படிப் படுத்த பிறகும் அவர்களுக்குள் சண்டை ஓயவில்லை. யார் எவ்வளவு நீளம் என்று பெண்களைக் கயிறு பிடித்து அளக்கச் சொன்னார்கள். படுத்தபடியே காப்பி கேட்டார்கள், படுத்தபடியே தீர்மானம் போட்டார்கள், படுத்தபடியே ஈ ஓட்டச் சொன்னார்கள்.

திருமூர்த்தியை மட்டும் கலாமணி கொட்டகையின் நிழலில் படுக்க வைத்திருந்தாள். ஒருநாள் கஞ்சி கொடுக்கப் போனவள் அவன் நெஞ்சைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மூச்சு இழுக்கிறபோது விலா எலும்புகள் விரியவில்லை, உள்ளே ஒடுங்கின. காலிச் சாக்கைக் கட்டி இழுத்தால் ஒட்டிக்கொள்வதுபோல நெஞ்சு முதுகோடு ஒட்டிக்கொண்டு, வெளியே வர மறுத்தது. அவன் முகம் ஈயம் பூசினமாதிரி இருந்தது. ரொம்ப நாள் கழித்து அவள் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. ஆனால் வாய், "இன்னிக்கு எத்தனை மூட்டை போட்ட?" என்று கேட்டது.

அன்றைக்கே கலாமணி தார்ச்சாலை வரை நடந்து, அங்கே பஸ் ஏறி அவள் வேலை பார்த்த மில்லுக்குப் போனாள். இரண்டு மூட்டை தாது உப்பைத் தவிட்டு மூட்டை என்று சொல்லிக் கொண்டுவந்து இறக்கினாள். நட்ராயன் கொடுத்த குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கொட்டகைக்குள் உட்கார்ந்து, ஒரு கையில் கிளிஞ்சல் தூள், ஒரு கையில் சாம்பல் நிறத் தாது உப்பு என்று எடுத்து, கையளவு பார்த்து மக்காச்சோள மாவில் கலந்து, அத்தனை குஞ்சுகளுக்கும் தட்டுத்தட்டாக வைத்தாள். ஊர்த் தீர்மானத்தை மீறுகிறோம் என்றோ கணவன் பேச்சைத் தட்டுகிறோம் என்றோ அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு தாமதமாகச் செய்கிறோமே என்றுதான் வெட்கமாக இருந்தது. மூச்சு அடங்கிவிடுவதற்குள் எலும்பு வந்துவிடுமா என்று நாலு நாள் அவன் நெஞ்சின்மேல் கண்ணை வைத்துக்கொண்டே குஞ்சுகளுக்குத் தீவனம் போட்டாள்.

ஐந்தாம் நாள் ஒரு குஞ்சின் மஞ்சள் மயிருக்குள்ளிருந்து வெள்ளையாக ஓர் இறகுக்குருத்து எட்டிப் பார்த்தது. அன்றே திருமூர்த்தியின் நெஞ்சு வெளிப்பக்கமாக விரிந்தது. ஆறாம் நாள் அவன் கட்டைவிரல் அகலம் குறைந்திருந்தான்.

"என்னக் கொறைக்கறயா, புள்ள?" என்றான்.

"மூச்சு வருதுங்களா?"

"வருது."

"அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவன் கெஞ்சினான், திட்டினான், மூச்சும் இருக்கட்டும் நீளமும் இருக்கட்டும் என்று பேரம் பேசினான். நீளம் குஞ்சுங்களோடது, அதுங்க திரும்ப எடுத்துக்குதுங்க, நான் என்ன பண்ணட்டும் என்றாள். கடைசியில் அவன் தன் கால் இரண்டையும் வேலிக்கல்லோடு சேர்த்துக் கட்டச் சொன்னான், இழுத்துக் கட்டினால் குறையாமல் நிற்குமாம். அவளும் கட்டினாள். மறுநாள் கயிறு தொளதொளவென்று கிடந்தது. மறுபடியும் இழுத்துக் கட்டச் சொன்னான். ஒரு மாதம் முழுக்க, காலையில் குஞ்சுகளுக்குத் தீவனம், அப்புறம் அவனுக்குக் கயிறு என்று அவளுக்கு வேலை ஓடியது. குஞ்சுகள் இறகு போட்டன, கால் தடித்தன, கொண்டை சிவந்தன, எட்டு வைத்தால் தரை அதிர்கிற மாதிரி நடந்தன. பங்குனி முடியும்போது கயிறு கட்ட இடமில்லாமல் அவன் பழைய அளவுக்கு வந்து, எழுந்து, நின்றான்.

அவன் கண் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. கலாமணி சிரித்துவிட்டாள். ஆறு மாதத்தில் அவளுக்குள் சேர்ந்து கிடந்த கசப்பெல்லாம் அந்த ஒரு கணத்தில் இளகிப்போய், கையை நீட்டி அவன் தாடியைத் தொடப் போனாள். திருமூர்த்தி பார்வையை அவள் தலைக்கு மேலே எங்கோ வைத்துக்கொண்டு, அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.

தெருவுக்குப் போனான். மருந்து வாங்கியவர்களில் சொந்தக் காலில் நிற்கிற ஒரே ஆண் அவன்தான், யாரையும் குனிந்து பார்க்கலாம், யாரையும் தாண்டி நடக்கலாம். ஆனால் வரிசையாகப் படுத்திருந்தவர்கள் அவன் காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திருப்பினார்கள்.

"யாரோ வர்றாப்ல சத்தம் கேக்குது, ஆளக் காணமே" என்றார் ஒருவர்.

"நம்ம திருமூர்த்திங்க. உக்காந்துட்டு வர்றானா?"

"இல்ல, நின்னுட்டுத்தான் வர்றான்."

தெரு முழுக்கச் சிரிப்பு ஓடியது. சிரித்ததில் சிலருக்கு விலா மடங்கி இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தார்கள். திருமூர்த்தி வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினான். அன்று சோற்றை அப்படியே தள்ளி வைத்தான்.

அதற்குள் பெண்கள் ஒவ்வொருவராகக் கலாமணியிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். நூறு கிலோ தீவனத்துக்கு எத்தனை, கிளிஞ்சல் எவ்வளவு, மாங்கனீசு இல்லாவிட்டால் என்ன என்று கேட்டார்கள். மாங்கனீசு இல்லையென்றால் கால் நரம்பு நழுவிக் கால் திருகிக்கொள்ளும் என்றாள் கலாமணி. சிலர் அன்றே போய்க் கலந்து போட்டார்கள். சிலர் மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். குப்பண்ணனின் மனைவி சம்பூரணம் அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி, நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

"என்னிக்குங்கக்கா போடப் போறீங்க?" என்று கலாமணி கேட்டாள்.

"பொறு அம்மிணி, யோசிக்கோணும்" என்றாள் சம்பூரணம். "முப்பது வருசத்துல இப்பத்தான் வீட்டுல எனக்கு எடம் இருக்குது."

சித்திரை முதல் வாரம் லாரி வந்தது. பெட்டிகள் இறங்கின. கலாமணி ஒரு கோழியைத் தூக்கித் தராசில் வைத்தாள். இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது, தராசிலும் அது உட்காராமல் நின்றது. கோழிகளைப் பிடித்துப் பெட்டியில் அடைத்துத் தூக்கிக் கொடுக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. கட்டிலில் திருமூர்த்தி இல்லை, கொட்டகையிலும் இல்லை. அவள் தேடிக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

வரிசையில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ அவன் படுத்திருந்தான். நீளமாக இருந்த காலத்தில் மூன்று வேட்டியை ஒட்டித் தைத்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு, காலுக்குக் கீழே வேட்டியை நெடுக விரித்துவிட்டு, உள்ளே இன்னும் கால் போய்க்கொண்டிருப்பதுபோல ஆங்காங்கே கல்லும் சாணி வறட்டியும் செருகி வைத்திருந்தான். முகத்தில் துண்டு கிடந்தது. பக்கத்தில் கிடந்தவர்கள் அவனோடு மழை வருமா வராதா என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அவன் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தாள். "எந்திரிங்க. லாரி வந்திருக்குது."

"மெதுவாப் பேசு" என்றது துண்டு. "மறுபடியும் வளந்துட்டேன், எந்திரிக்க முடியாதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

"ஒரு பெட்டி பிடிச்சுக் குடுத்துட்டு வந்து படுத்துக்குங்க."

"போ புள்ள. யாராவது பாத்துருவாங்க."

கலாமணி வேட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். அவனுடைய நிஜமான கால்கள் அங்கே, வேட்டியின் பாதியிலேயே முடிந்திருந்தன. பாதங்களை அவன் சாதாரணமாக வைத்திருக்கவில்லை. குதிகாலை உள்ளே இழுத்து, கட்டைவிரலைக் கடைசிவரை நீட்டி, கெண்டைக்கால் சதை இறுகி நடுங்கும்படி, படுத்த நிலையிலேயே எட்டி நின்றுகொண்டிருந்தான். எலும்பு கெட்டியாக இருந்தது. அவள் கையால் கலந்த எலும்பு அது. அந்தப் பலம் அத்தனையும் ஒரு விரற்கடை நீளத்துக்காகத் தெருப்புழுதியில் செலவாகிக்கொண்டிருந்தது.

அவள் வேட்டியைப் பழையபடி மூடினாள். ஒரு கல் நழுவியிருந்தது, அதையும் சரியாக வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

சம்பூரணம் வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகக் கோழி அத்தனையையும் ஏற்றி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. லாரிக்காரர் பின்கதவைச் சாத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சுற்றிலும் பார்த்தார்.

"வீட்டுக்காரர் இல்லீங்களா?"

"இருக்கறாருங்க" என்றாள் கலாமணி. "வளந்துட்டு இருக்கறாரு."